விண்மீனைக் கிழிப்பது எது?



சென்ற திங்கள் வந்த மடல்களுள் ஒன்றைப் படித்ததும், இம்மாதம் எதைப் பற்றி எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை. எழுதியவர் ஒரு சகோதரி. அவருடைய பத்து வயது மகன் கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்திருக்கிறான். கருந்துளை ஒன்றிலிருந்து நெருப்புத் தாரை பீறிட்டு வருகிறது. வழியிலுள்ள விண்மீன்களைக் கந்தல் துணியைப் போலக் கிழிக்கிறது. கோள்களைப் பொடியாக்குகிறது. இறுதியில் நம் பூமியின் மீதும் வந்து மோதுகிறது. அன்று முதல் அச்சிறுவன் விளக்கை அணைத்தால் உறங்குவதில்லையாம். “உம்மா, அது இங்கே வந்தால் நாம் எங்கே போவது?” என்று கேட்கிறானாம்.

“அதெல்லாம் பொய், பேசாமல் தூங்கு என்று சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை. அது பொய்தானா என்று எனக்கே தெரியாதபோது, அவன் எப்படி நம்புவான்?” என்று அச்சகோதரி எழுதியுள்ளார்.

நேர்மையான கேள்வி இது. இதற்கு நேர்மையாகவே விடை கூறவேண்டும். அந்தக் காணொளி முழுப்பொய் அன்று. முழுப்பொய்யாக இருந்திருந்தால் அதை மறுப்பது எளிதாகியிருக்கும். கருந்துளைகள் உண்டு. அவற்றின் அருகிலிருந்து தாரைகள் பாய்வதும் உண்மை. விண்மீன்கள் கிழிக்கப்படுவதும் உண்மை. ஆனால் விண்மீனைக் கிழிப்பது தாரை அன்று. கிழிப்பது ஒன்று, பீறிடுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்ததில்தான் பிழை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால், அஞ்சவேண்டியது எது, அஞ்சத் தேவையில்லாதது எது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் உண்மையாகவே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் காண்போம்.

2011ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ‘ஸ்விஃப்ட்’ என்னும் செயற்கைக்கோள், வானின் வடபகுதியில் திடீரென ஓர் ஒளிவீச்சைக் கண்டது. கண்ணுக்குப் புலப்படாத காமா கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்கிருந்து பொழிந்தன. பெரும் விண்மீன்கள் இறக்கும்போது இத்தகைய கதிர்வெடிப்புகள் உண்டாவது வழக்கம். ஆனால் அவை பெரும்பாலும் சில நொடிகளிலோ சில நிமிடங்களிலோ அடங்கிவிடும். இதுவோ அடங்கவில்லை. மீண்டும் மீண்டும் சுடர்விட்டது; நாட்கள் சென்றன, வாரங்கள் சென்றன, அப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், அதன் எக்ஸ் கதிர்கள் சட்டென்று மங்கின.

அறிஞர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு இதுதான்: ஒரு விண்மீன் திரளின் நடுவே உறங்கிக் கிடந்த பெருங்கருந்துளையின் அருகே ஒரு விண்மீன் தவறிச் சென்றிருக்கிறது. கருந்துளை அதைக் கிழித்துவிட்டது. கிழிபட்ட விண்மீனின் பொருளிலிருந்து ஒரு தாரை பிறந்து, ஏறத்தாழ ஒளியின் வேகத்தில், தற்செயலாக நம் திசை நோக்கியே பாய்ந்தது.

‘நம் திசை நோக்கி’ என்றதும் மனம் திடுக்கிடலாம். ஆனால் அது நடந்த இடம் நம்மிடமிருந்து சுமார் 390 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீட்டர். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது நம் பூமி தோன்றி எழுபது கோடி ஆண்டுகள்கூட நிறைந்திருக்கவில்லை. அத்தனை காலம் பயணம் செய்து வந்து சேர்ந்ததை உணர்வதற்கே நுட்பமான கருவிகள் தேவைப்பட்டன.

ஓதமும் இடியாப்பமும்

இனி, கிழிப்பது எது என்னும் கேள்விக்கு வருவோம்.

கடலோர ஊர்களில் வாழும் நேயர்கள் ஓதத்தை அறிவார்கள். தலைப்பிறை நாட்களிலும், பதினான்காம் பிறையை ஒட்டிய நாட்களிலும் கடல் நீர் வழக்கத்தினும் உயர்ந்து ஏறி, வழக்கத்தினும் தாழ்ந்து வற்றும். நிலவின் ஈர்ப்பே இதற்குப் பெருங்காரணம். சூரியனும் அதற்குத் துணைசெய்கிறது. ஈர்ப்பு என்பது நெருங்க நெருங்க மிகும். விலக விலகக் குறையும். ஆகவே பூமியில் நிலவை நோக்கிய பக்கம் சற்று மிகுதியாக இழுக்கப்படுகிறது. பூமியின் நடுப்பகுதி அதைவிடக் குறைவாகவும், மறுபக்கம் இன்னும் குறைவாகவும் இழுக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டினால் பூமி மிகச் சிறிதளவு நீட்டப்படுகிறது. அந்த நீட்சியே கடலில் ஏற்றமாகவும் வற்றமாகவும் தெரிகிறது.

ஈர்ப்பின் வலிமையைவிட, ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள ஈர்ப்பின் வேறுபாடே நீட்டுகிறது, இழுக்கிறது, இறுதியில் கிழிக்கிறது. இதை நினைவிற் கொள்க.

நிலவு சிறியது, ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது. ஆதலால் நம் கடலைச் சற்றே உயர்த்துவதுடன் அதன் ஆற்றல் நின்றுவிடுகிறது. வியாழனைப் போன்ற பெருங்கோளின் அருகே சென்றால் நிலைமை வேறு. 1992ஆம் ஆண்டு ஒரு வால்மீன் வியாழனை மிக நெருங்கிச் சென்றது. இதே ஓத விசை அதைப் பல துண்டுகளாக உடைத்துவிட்டது. ஷூமேக்கர்-லெவி 9 எனப் பெயர் பெற்ற அதன் துண்டுகள் 1994 ஜூலையில் ஒன்றன்பின் ஒன்றாக வியாழனில் விழுந்ததை மூத்த நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

வியாழனின் இடத்தில், பல இலட்சம் சூரியன்களின் பொருளைச் சிறிய இடத்தில் அடக்கிய ஒரு கருந்துளையை வைத்துப் பாருங்கள். அதனருகே செல்லும் விண்மீனின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான ஈர்ப்பின் வேறுபாடு அளவு கடந்து மிகுகிறது. விண்மீன் என்பது தன் சொந்த ஈர்ப்பினாலேயே உருண்டு திரண்டு நிற்கும் சுடுவளிக் கோளம். வெளியிலிருந்து வரும் ஓத விசை, தன்னைக் கட்டி வைத்திருக்கும் ஈர்ப்பை விஞ்சிவிட்டால் அந்தக் கோளம் குலைகிறது. உரலில் இட்ட மாவு இடியாப்ப அச்சின் வழியே இழையாக இறங்குவதைப் போல, விண்மீன் நீண்ட இழையாக உருமாறுகிறது. இந்த அழிவில் நெருப்பும் இல்லை, மோதலும் இல்லை. மிக நெருங்கியது ஒன்றே காரணம்.

எவ்வளவு நெருங்கினால் இது நேரும்? நம் பால்வீதியின் நடுவிலும் ஒரு பெருங்கருந்துளை உண்டு. அதன் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 43 இலட்சம் மடங்கு. நம் சூரியனைப் போன்ற ஒரு விண்மீனை அது கிழிக்க வேண்டுமானால், அவ்விண்மீன் சுமார் 11 கோடி கிலோமீட்டருக்குள் நெருங்கவேண்டும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே 15 கோடி கிலோமீட்டர் அல்லவா? அதைவிடவும் அருகில் செல்லவேண்டும். சற்றே எட்டி நின்றால்கூட விண்மீன் பிழைத்துக்கொள்ளும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. எஸ்2 என்னும் விண்மீன் அந்தக் கருந்துளையை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம் அது 2,000 கோடி கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், மணிக்கு இரண்டரைக் கோடி கிலோமீட்டர் வேகத்தில் கருந்துளையைக் கடந்து சென்றது. உலகின் பெரிய தொலைநோக்கிகள் அதைக் கண்காணித்தன. அதற்கு ஒன்றும் நேரவில்லை. கடந்து சென்று, தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. இத்தகைய விண்மீன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, நடுவில் இருக்கும் அப்பெரும்பொருளைக் கண்டறிந்தமைக்காக ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகிய இருவருக்கும் 2020ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. கருந்துளை பெரிதாகப் பெரிதாகக் கிழிக்கும் ஆற்றலும் கூடும் என்றே நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. எம்87 என்னும் விண்மீன் திரளின் நடுவில் 650 கோடி சூரிய நிறை கொண்ட கருந்துளை உள்ளது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகம் கண்ட முதல் கருந்துளைப் படம் அதனுடையதே. அதன் எல்லை மையத்திலிருந்து சுமார் 1,900 கோடி கிலோமீட்டர் வரை விரிந்திருக்கிறது. ஆனால் சூரியனையொத்த விண்மீன் அங்கே கிழிபட வேண்டுமானால் 130 கோடி கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கவேண்டும். அதற்கு வெகு முன்பே அது எல்லையைக் கடந்து உள்ளே போய்விடும். கிழிபடாமலே முழுதாக மறைந்துவிடும். காணொளிகள் காட்டும் கிழிதல் நடுத்தரமான பெருங்கருந்துளைகளிடமே நிகழ்கிறது.

தாரை பிறக்கும் விதம்

விண்மீன் கிழிந்தபின் என்ன ஆகிறது? அதன் பொருளில் ஏறத்தாழ ஒரு பாதி வெளியே வீசியெறியப்பட்டு, விண்வெளியில் சிதறிப் போய்விடும். மறுபாதி திரும்பி விழும். பிரிட்டிஷ் அறிஞர் மார்ட்டின் ரீஸ் 1988ஆம் ஆண்டிலேயே இதை விளக்கினார். விழும் பொருள் நேரே உள்ளே போவதில்லை. தொட்டியின் அடியில் துளை திறந்தால் நீர் சுழன்று சுழன்று இறங்குவதைப் போல, அது கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டத்தட்டாகச் சுழலும். சுழலும்போது ஒன்றோடொன்று உரசிப் பெருவெப்பம் அடைந்து ஒளிரும்.

அந்தத் தட்டோடு காந்தப் புலமும் சேர்ந்து சுழல்கிறது. கருந்துளையும் சுழல்கிறது. இந்தச் சுழற்சியின் ஆற்றலை முறுக்குண்ட காந்தப் புலம் வாங்கி, பொருளில் ஒரு சிறு பங்கைச் சுழலச்சின் இரு முனைகளிலும் எதிரெதிர்த் திசைகளில் வீசியெறிய இயலும். இதை ரோஜர் பிளாண்ட்ஃபோர்ட், ரோமன் ஸ்னாயெக் ஆகிய இருவரும் 1977இல் கணித்துக் காட்டினர். தாரை என்பது இதுவே. கருந்துளையின் உள்ளிருந்து எதுவும் வெளியே வருவதில்லை. உள்ளே போகாமல் வாயிலிலேயே திருப்பி எறியப்பட்டதுதான் தாரையாகப் பாய்கிறது.

ஆக, வரிசையைக் கவனியுங்கள். முதலில் நெருக்கம், அடுத்துக் கிழிதல், அதற்குப் பின்னரே தாரை. காணொளியில் இந்த வரிசை தலைகீழாகி, கிழிந்ததிலிருந்து பிறந்த தாரையே கிழித்ததாகக் காட்டப்பட்டுவிட்டது.

கிழிந்த விண்மீன்கள் யாவும் தாரையை உண்டாக்குவதும் இல்லை. நூற்றில் ஒன்றளவே அவ்வாறு வலிய தாரையை எழுப்புவதாக மதிப்பிடப்படுகிறது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையிலுள்ள வானாய்வுக் கருவி, அத்தகைய ஒன்றைச் சுமார் 850 கோடி ஒளியாண்டுத் தொலைவில் கண்டது. அதுவரை அறியப்பட்டவற்றுள் அது நான்காவதுதான். அதற்கு முன்னர், 15 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆர்ப் 299 என்னும் இணைத் திரளில் 2005இல் காணப்பட்ட சுடர் ஒன்றை ஆய்வாளர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் விடாது தொடர்ந்தனர். முதலில் அதை விண்மீன் வெடிப்பு என்றே எண்ணினர். ஆனால் ரேடியோ தொலைநோக்கிகளில் அதன் ஒளிப்புள்ளி ஒரே திசையில் மெல்ல நீண்டுகொண்டே போனது. கிழிந்த விண்மீனிலிருந்து பிறந்த தாரை வளர்வதை நேரிற் கண்ட படங்கள் 2018இல் வெளியாயின.

தாரையின் வழியில் அகப்பட்டால்?

இனி, அச்சிறுவனின் கேள்விக்குள் மறைந்திருக்கும் மற்றொரு கேள்வி. தாரை விண்மீனைக் கிழிக்காது என்றால், அதனால் தீங்கே இல்லையா?

உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. தாரையில் உள்ள பொருள் மிக மெல்லியது. ஆய்வுக்கூடத்தில் நாம் உண்டாக்கும் வெற்றிடத்தினும் மெல்லியது. கெட்டியாகத் திரண்ட விண்மீனையோ, பாறைக்கோளையோ அது உடைத்தெறியாது. ஆனால் அதன் துகள்கள் பெருவேகம் கொண்டவை. அதனுடன் வரும் கதிர்கள் கொடியவை. ஒரு கோளின் உடல் பிழைக்கும். அதன் மேற்போர்வைதான் கெடும்.

3சி 321 என்னும் இடத்தில் இதற்கு மெய்யான சான்று உண்டு. சுமார் 140 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. ஒன்றின் நடுவிலுள்ள கருந்துளையின் தாரை, ஏறத்தாழ 20,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் அண்டைத் திரளின் ஓரத்தில் மோதி, வளைந்து சிதறுவதை 2007ஆம் ஆண்டு டிசம்பரில் அறிஞர்கள் அறிவித்தனர். இது விண்மீன் கிழிந்து எழும் சிறுபொழுதுத் தாரை அன்று, நெடுங்காலமாகப் பாய்ந்துகொண்டிருப்பது. அதன் வழியில் நம் பூமியைப் போன்ற கோள்கள் இருக்குமாயின், அவற்றைக் காக்கும் ஓசோன் படலம் அழிந்துபோகக் கூடும் என்று அவர்கள் கூறினர். ஓசோன் போனால் விண்மீனின் புற ஊதாக் கதிர்கள் தடையின்றித் தரையை எட்டும். அது உயிர்களுக்குப் பேரிடர். ஆனால் அதே தாரை வளிமங்களை அழுத்தித் திரட்டி, நெடுங்காலத்தில் புதிய விண்மீன்களும் கோள்களும் பிறக்க வழிசெய்யக் கூடும் என்பதையும் அவர்கள் சேர்த்தே கூறினர். காணொளிகள் முற்பாதியை மட்டுமே சொல்லும்.

முன்னர்க் கூறிய எம்87இன் தாரையும் கவனிக்கத்தக்கது. 1918ஆம் ஆண்டு ஹெபர் கர்ட்டிஸ் என்னும் அமெரிக்க வானியலர் அதை முதலில் குறித்துவைத்தார். அது சுமார் 5,000 ஒளியாண்டு நீளமுடையது. அதை ஒட்டிய பகுதியில், நோவா எனப்படும் வெடிப்புகள் திரளின் பிற பகுதிகளைக் காட்டிலும் இருமடங்கு நிகழ்வதாக ஹபிள் தொலைநோக்கியின் ஆய்வு 2024இல் தெரிவித்தது. நோவா என்பது, முதிர்ந்து சுருங்கிய விண்மீன் தன் துணை விண்மீனிடமிருந்து இழுத்துச் சேர்த்த வளிமம் மேற்பரப்பில் வெடிப்பதாகும். வெடித்தபின்னும் அவ்விண்மீன் அங்கேயே இருக்கும். தாரையின் அருகில் அவ்வெடிப்புகள் ஏன் மிகுகின்றன என்பது இன்னும் முற்றாக விளங்கவில்லை. ஐயாயிரம் ஒளியாண்டு நீளமுள்ள பெருந்தாரையும் தன் பக்கத்து விண்மீன்களைக் கிழித்து அழித்துவிடவில்லை என்பது மட்டும் தெளிவு.

நம் நிலை என்ன?

நம் பால்வீதியின் கருந்துளை சுமார் 27,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் கிழிக்கும் எல்லை 11 கோடி கிலோமீட்டர் என்றோம். நமக்கும் அதற்கும் இடையிலோ ஏறத்தாழ 2,550 கோடி கோடி கிலோமீட்டர். சூரியன் அதை நோக்கி விழுந்துகொண்டிருக்கவும் இல்லை. எட்ட நின்று பால்வீதியின் மையத்தைச் சுற்றிவருகிறது. 2022ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கருந்துளையின் படமும் வெளியானது. மிகக் குறைந்த உணவோடு அடங்கிக் கிடக்கும் கருந்துளை அது. எம்87இல் இருப்பதைப் போன்ற பெருந்தாரை அதனிடம் இல்லை. ஒரு விண்மீன் திரளில் விண்மீன் ஒன்று கிழிபடுவதே பத்தாயிரம் முதல் இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று மதிப்பிடுகின்றனர்.

அருகிலேயே வேறு கருந்துளை இருந்தால் என்ற ஐயம் எழலாம். அறியப்பட்டவற்றுள் நமக்கு மிக அருகில் உள்ளது, 2022இல் கண்டறியப்பட்ட கையா பி.எச்.1. அதுவே சுமார் 1,560 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதைச் சூரியனையொத்த ஒரு விண்மீன் ஏறத்தாழ 186 நாட்களுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இரண்டிற்கும் உள்ள இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியைவிடச் சற்றே அதிகம். அவ்வளவு அண்மையில் வாழ்ந்தும் அந்த விண்மீன் கிழியவில்லை; அங்கே தாரையும் எழவில்லை. கருந்துளை என்றால் கண்டதையெல்லாம் உறிஞ்சும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த ஒரு விண்மீனே சாட்சி.

மடல் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. மகனிடம் ‘அது பொய்’ என்று கூறாதீர்கள். அவன் பார்த்ததில் உண்மையும் இருக்கிறது. நாளை அதை எங்கேனும் படித்தறிந்தால் உங்கள் சொல்லின் மீதுள்ள நம்பிக்கை குறையும். மாறாக, அவன் அருகில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ‘அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எவ்வளவு நெருங்கினால் தீங்கு? அது எப்போது நடந்தது?’ அச்சமூட்டும் எந்தக் காணொளியும் இம்மூன்றுக்கும் விடை சொல்வதில்லை. சொன்னால் அச்சம் நின்றுவிடும் அல்லவா?

முடிந்தால், ஜூன் அல்லது ஜூலை மாதத்தில் மேகமில்லாத ஓர் இரவில் அவனை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். வடக்கு நோக்கி நில்லுங்கள். அங்கே பாம்பைப் போல் வளைந்து கிடக்கும் விண்மீன் கூட்டத்தை மேலைநாட்டார் டிராகன் என்கின்றனர். அதிலுள்ள துபான் என்னும் விண்மீனின் பெயர், பெரும்பாம்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 2011இல் ஸ்விஃப்ட் கண்ட, கிழிந்த விண்மீனின் சுடர் வந்ததும் அந்தக் கூட்டத்தின் திசையிலிருந்துதான். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ‘நீ பயந்த தாரை நம் பக்கமாகவே பாய்ந்தது, அதன் ஒளி வந்தும் சேர்ந்தது. பார், நாம் இங்கேதான் நிற்கிறோம்’ என்று சொல்லுங்கள். பிறகு கீழே இறங்கி வந்து விளக்கை அணைக்கலாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு நேயரின் கேள்வியோடு சந்திப்போம்.